இருபத்தேழாம் வரிசைக்கு ஆன செலவு

உடும்பஞ்சோலைக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கருணைமாதா மிஷன் ஆஸ்பத்திரியில் எதற்கு எவ்வளவு செலவாகிறது என்று அறுபத்திரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே அங்கே குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. ஜனங்கள் இப்படிக் கணக்கு வழக்கில்லாமல் பிறப்பது சரியில்லை என்று திருவனந்தபுரத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. அதன் விளைவாக, போன வருஷம் ஜூன் மாதம், மழையோடு மழையாக, 'சமய நிறுவன மருத்துவமனைகளில் இனப்பெருக்க நலச் சேவைகளின் செலவை அளவிடும் திட்டம்' ஒரு ஜீப்பில் ஏறி மலைக்கு வந்து சேர்ந்தது. ஜீப்பில் பன்னிரண்டு ஸ்டாப்வாட்சும், ஒரு லேப்டாப்பும், ரிஜின் என்ற எம்.பி.ஏ. பட்டதாரியும் இருந்தார்கள்.

ரிஜின் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். ஆஸ்பத்திரியில் யார் எதைச் செய்தாலும் பக்கத்தில் நின்று அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. விநாடியைச் சம்பளத்தால் பெருக்கினால் செலவு வந்துவிடும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்களாம். உலகம் முழுக்கச் செய்கிற ஒன்றைப் பற்றி எனக்கு வழக்கமாக வரும் சந்தேகத்தை இங்கே சொல்லி நேரத்தை வீணாக்கப்போவதில்லை.

முதல் வாரத்திலேயே சிக்கல்கள் வந்தன. காலை ஆறு மணி ஜெபம் இருபத்திரண்டு நிமிஷம். இதை எந்த வார்டின் கணக்கில் சேர்ப்பது? ஆஸ்பத்திரிக் கணக்கை இருபத்தாறு வருஷமாக ஒரே நீள நோட்டில் எழுதிவந்த சூசையப்பன், பிரசவ வார்டில் சேர்த்துவிடலாம் என்றார். அங்கேதான் சத்தமாக ஜெபிக்கிறார்கள். அடுத்து, வாசலில் நிற்கும் மாதா சொரூபம். கட்டில், மேஜை, சொரூபம் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் போட்டாக வேண்டும் என்றது படிவம். மாதா தேயமாட்டாள் என்றார் ஆஸ்பத்திரியின் டைரக்டரான பாதிரியார், அங்கே எல்லாருக்கும் டைரக்டர் அச்சன். படிவத்தின்படி தேயாத பொருள் நிலம் ஒன்றுதான். ஆகவே மாதா நிலத்தில் சேர்க்கப்பட்டாள். ஆறு சென்ட் என்று போட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் சந்தனம் அங்கே போய்ச் சேர்ந்தாள்.

சந்தனத்துக்கு முப்பத்தொரு வயது. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு. புருஷன் சுடலைமணி அதே தோட்டத்தில் செடிக்கு மருந்து அடிக்கிறவன். இரண்டு பெண்கள், இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. நான் இதை அமுக்கினதுக்கு அப்புறம் உள்ள போங்க," என்றார் ரிஜின்.

சந்தனம் நின்றாள். "ஏன் தம்பி, இது என்னத்துக்கு?"

"உங்களுக்கு டாக்டர் செலவழிக்கிற நேரத்தை எழுதுகேன்."

"நாங் காலையில அஞ்சு மணி ஜீப்பப் பிடிச்சு வந்தேன். அப்பயிருந்து பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். அதையும் எழுதிக்கிருவீகளா?"

"அதை எழுத முடியாதுக்கா. உங்க நேரம் ஆஸ்பத்திரிக்குச் செலவு இல்லல்லா."

"அப்ப அது யாருக்குச் செலவு?"

ரிஜின் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்கான கட்டம் அதில் இல்லை. பொத்தானை அமுக்கிவிட்டு, உள்ளே போகலாம் என்று கை காட்டித் தானும் பின்னால் போனார்.

டாக்டர் பிரதீபா கொழிஞ்சாம்பாறைக்காரர். மிஷன் நடத்தும் கல்லூரியில் அவர்கள் கொடுத்த இடத்தில் படித்ததற்காக அவர்களிடமே இரண்டு வருஷம் வேலை பார்த்தாக வேண்டும். அதுவரை அவருடைய சர்ட்டிபிகேட்டுகள் டைரக்டர் அச்சனின் பீரோவில் பத்திரமாக இருந்தன. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் நாற்காலியைச் சந்தனத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சந்தனம், பழைய தையல் போட்ட எடம் காயிதமாட்ட ஆயிருச்சுங்க. இந்தப் பிரசவத்த நான் பாத்துக்கறனுங்க. இதுக்கப்புறம் இன்னொண்ணு வேண்டவே வேண்டாம். வந்துச்சுன்னா உள்ளயே கிழிஞ்சிரும். ஆள் தங்காதுங்க."

"எனக்கும் போதும் டாக்டரம்மா. அவரும் போதும்னுட்டாரு. பிள்ளைய எடுக்கையில குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேசனையும் சேத்துப் பண்ணி விட்ருங்க."

டாக்டர் கதவைப் பார்த்தார். "அது இங்க பண்றதில்லைங்க. சபையில ஒத்துக்க மாட்டாங்க."

"வயிறு அப்பத் தெறந்துதான இருக்கும்?"

"தெறந்துதானுங்க இருக்கும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு விநாடி என்று ரிஜின் குறித்துக்கொண்டார். பிறகு டாக்டர் சீட்டில் 'இனி கர்ப்பம் கூடாது' என்று எழுதிச் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார். அந்த வரியை எழுத ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டு. அதற்கு என்ன செய்வது என்ற அடுத்த வரியை எழுதத்தான் அனுமதி இல்லை. அதை வாயால் சொன்னார். மலையடிவாரத்துத் தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும் மயக்க மருந்து டாக்டர் வருவார். அன்றைக்கு ஆண், பெண் இருபாலருக்கும் குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேஷன் உண்டு. பிள்ளை பிறந்து நாற்பத்திரண்டு நாள் கழித்து அங்கே போனால் போதும்.

இருந்தாலும் சந்தனத்துக்கு மனசு ஆறவில்லை. ஒரே வயிற்றை எதற்கு இரண்டு தடவை கிழிப்பது என்று அதன்பின் ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்டாள். நர்ஸ் சிஸ்டரிடம் கேட்டாள், சூசையப்பனிடம் கேட்டாள், ஒருமுறை மாதாவிடமே போய்க் கேட்டாள். மாதாவிடம் கேட்டது மட்டும் பதிவாகவில்லை.

மற்றவை பதிவாயின. படிவத்தில் இருபத்தேழாம் வரிசை 'நிரந்தரக் கருத்தடை'. அது இங்கே நடப்பதில்லை என்பதால் ரிஜின் கட்டத்தை வெறுமையாக விட்டார். கட்டம் சிவந்தது. 'இல்லை' என்று எழுதிப் பார்த்தார். எண் மட்டும்தான் ஏற்கப்படும் என்றது. கட்டம் சிவந்திருக்கும்வரை அறிக்கை திருவனந்தபுரம் போகாது. ரிஜினும் சூசையப்பனும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டைரக்டர் அச்சனிடம் போனார்கள்.

அச்சன் மலையாளத்தில் நிதானமாகப் பேசுகிறவர். அவர் சொன்னதன் சாரம் இது: "நாம் அதைச் செய்வதில்லை. ஆனால் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று சர்க்கார் நினைக்கும். இன்ஷூரன்ஸ் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள். செய்கிறோம் என்று எழுதினால் பிஷப் என்னை எடுத்துவிடுவார். எதையும் வார்த்தையில் எழுத வேண்டாம். எண் போடுங்கள். எண்ணுக்கு மதம் கிடையாது."

சூசையப்பன் யோசித்தார். செய்யாததற்கு ஆன செலவு என்ன? ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு பொய்க்கணக்கு எழுதியதில்லை, இதுவும் பொய்யில்லை. பூஜ்யம் என்று போட்டார். அடுத்த கட்டம் 'சேவையை அணுகியோர்' என்று கேட்டது. அதுவரையான ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த ஆப்பரேஷனைக் கேட்டு வந்து திரும்பியிருந்தார்கள். அதையும் நேர்மையாகப் போட்டார். வரிசை முழுக்கப் பச்சையானது. இருபத்தெட்டு, ஆண்களுக்கானது. இருபத்தொன்பது, கருப்பையில் வைக்கும் காப்பர்-டி. முப்பது, மாத்திரையும் ஆணுறையும். அப்படியே முப்பத்தொன்று வரைக்கும் பச்சையாக்கிவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

ஆகஸ்ட் மாதம் சந்தனத்துக்கு ஆப்பரேஷன் நடந்தது. தியேட்டருக்குள்ளும் ரிஜின் இருந்தார், முகமூடி கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி. மூன்றாவதும் பெண். குழந்தையை சிஸ்டர் வாங்கிக்கொண்டாள். கருப்பையைத் தைத்து முடித்த டாக்டர் பிரதீபா கையை வெளியே எடுக்கவில்லை. கட்டவேண்டிய கருக்குழாய் விரலுக்குள்ளேயே இருந்தது. ஏழு நிமிஷ வேலை. சிஸ்டர் தலையை நிமிர்த்தி டாக்டரைப் பார்த்தாள். பிறகு டாக்டர் விரலை எடுத்துவிட்டு வயிற்றை மூடினார். எனக்கு அந்த டாக்டர்மேல் கோபம் உண்டு. பீரோவில் சர்ட்டிபிகேட்டை வைத்துவிட்டு அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கும்போது கோபம் கொஞ்சம் குறைகிறது.

ரிஜினின் தாளில் அந்தப் பகுதி இப்படி இருந்தது: 'வீண் நேரம்: 2 நிமிடம் 10 விநாடி.'

தியேட்டரில் ஒரு நிமிஷத்தின் செலவு அதிகம் என்பதால், இதை விசாரிக்கக் கமிட்டி கூடியது. அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று டாக்டரைக் கேட்டார்கள். "யோசிச்சனுங்க," என்றார் டாக்டர். அங்கீகரிக்கப்பட்ட செயல்பாடுகளின் பட்டியலைக் கமிட்டி மேலிருந்து கீழ்வரை படித்தது. கை கழுவுதல் இருந்தது, கையுறை மாற்றுதல் இருந்தது, யோசித்தல் இல்லை. இனிமேல் யோசிப்பதாக இருந்தால் தியேட்டருக்கு வெளியே, செலவு குறைந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்து மூலம் அறிவுறுத்தப்பட்டது.

பிள்ளை பிறந்த முப்பத்தைந்தாம் நாள் திட்டத்தின் அறிக்கை வெளியீட்டு விழா. மாநிலத்தில் நூற்றுப் பதினெட்டு சமய ஆஸ்பத்திரிகளை அளந்ததில், நிரந்தரக் கருத்தடையை ஆளுக்குப் பூஜ்யம் ரூபாய்க்கு வழங்கும் ஒரே ஆஸ்பத்திரி கருணைமாதாதான் என்று திருவனந்தபுரத்தில் கணக்குப் போடும் இயந்திரம் கண்டுபிடித்திருந்தது. மற்றவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு ரகசியம் கேட்டார்கள். அந்தச் சேவையை அதிக முறை அணுகியவர் என்ற முறையில் பயனாளி எண் ஒன்றாகச் சந்தனமும் மேடைக்கு அழைக்கப்பட்டாள். கைக்குழந்தையோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

திட்ட இயக்குநர் பேசினார். "எங்கள் குழுவில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு சேவை எப்படிப் பூஜ்யம் செலவில் நடக்கும் என்று கேட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்றும் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நேரில் பார்த்தால் நம் முடிவு பாதிக்கப்படும். ஆய்வாளன் எண்ணை நம்ப வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் மருந்து வீணாகவில்லை, நூல் வீணாகவில்லை, டாக்டரின் நேரம் வீணாகவில்லை. ஒரு புகார்கூட இல்லை. ஆப்பரேஷனுக்குப் பின் காய்ச்சல், சீழ் என்று ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. இதைவிடப் பாதுகாப்பான அறுவை சிகிச்சையை நான் கண்டதில்லை."

டைரக்டர் அச்சன் மூன்றே வார்த்தை பேசினார். "நாங்கள் ஒன்றும் செய்யவில்லை," என்றார். அடக்கத்தைக் கண்டு சபை வெகுநேரம் கைதட்டியது.

சந்தனத்துக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்து மைக்கையும் நீட்டினார்கள். அவள் ஹாட்பாக்ஸைக் கீழே வைத்தாள். "இது இருக்கட்டும் சாமி. ஆப்பரேசன் எப்பப் பண்ணுவீக?" என்று கேட்டாள்.

"பாருங்கள், ஏழாவது முறை," என்றார் திட்ட இயக்குநர் பூரிப்போடு. ரிஜின் மேடைக்குக் கீழே நின்று அதையும் குறித்துக்கொண்டார்.

சொன்னபடி நாற்பத்திரண்டு நாள் முடிந்த வியாழக்கிழமை சந்தனமும் சுடலைமணியும் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆப்பரேஷன் அறை பூட்டியிருந்தது. குமாஸ்தா ஒரு பளபளப்பான அறிக்கையை எடுத்து விரித்துக் காட்டினார்.

"இதோ, உங்க ஊர் ஆஸ்பத்திரிதான். அங்க ஒரு காசு செலவில்லாம நடக்குது. இங்க ஒரு ஆளுக்கு மூவாயிரத்துச் சில்லறை ஆகுதுன்னு வியாழக்கிழமைய நிறுத்திட்டாங்க. மயக்க டாக்டரையும் மாத்தியாச்சு. சீட்டு எழுதித் தர்றேன், அங்கயே போயிருங்க."

"அங்க பண்ண மாட்டாகய்யா. நாங்க அங்கயிருந்துதான் வர்றோம்," என்றான் சுடலைமணி.

"இருநூத்துப் பன்னெண்டு பேருக்குப் பண்ணியிருக்காங்கன்னு அச்சடிச்சிருக்கு. நீங்க சொல்றத நம்பவா, அச்சடிச்சத நம்பவா?"

"அப்ப எனக்காச்சும் பண்ணி விடுங்க."

"அது இருபத்தெட்டாம் வரிசை. அதுவும் அங்கதான். முப்பத்தொண்ணு வரைக்கும் எல்லாமே அங்கதான்."

சீட்டோடு மேலே போனார்கள். கருணைமாதாவில் சீட்டைப் பார்த்துவிட்டு, இது இங்கே இல்லை, தாலுக்காவுக்குப் போங்கள் என்று வேறு சீட்டு கொடுத்தார்கள். கீழே போனார்கள். மேலே வந்தார்கள். மலையிறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, நீங்கள் கேரளா என்றார்கள். கேரளாவில் இத்தனை வருஷமாக அவர்களைத் தமிழர்கள் என்று சொல்லிவந்ததால், இதைக் கேட்டுச் சுடலைமணிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகைக்கு இரண்டு பேரும் ஒரு சீசன் முழுக்கக் காய் எடுக்க வேண்டும். எடுத்துத் தின்னாமலும் இருக்க வேண்டும்.

சூசையப்பனுக்கு மட்டும் உறுத்தியது. அந்தப் பூஜ்யத்தைத் திருத்தச் சொல்லி மூன்று கடிதம் போட்டார். ஒருமுறை பச்சையான கட்டத்தைத் திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. தாலுக்காவிலிருந்து எல்லாருக்கும் எழுதி அனுப்பிய சீட்டுகளால் அணுகியோர் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. நானூறு பேருக்கும் பூஜ்யம் என்பதால் ஆஸ்பத்திரியின் திறன் இரட்டிப்பானதாக அடுத்த அறிக்கை சொன்னது.

கட்டுப்பாடாக இருங்கள் என்று எல்லா இடத்திலும் இலவசமாகச் சொன்னார்கள். ஒரே அறையும் ஒரு அடுப்பும் உள்ள, தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில், முப்பத்தொரு வயதுப் பெண்ணும் முப்பத்தாறு வயது ஆணும் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தார்கள். ஐந்தாம் மாதம் இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கருணைமாதாவுக்கு மறுபடி போனபோது டாக்டர் பிரதீபா அங்கே இல்லை. வீண் நேரத்தைக் குறைக்கும் பொருட்டு வடகரப்பதியில் உள்ள மிஷன் கிளைக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கே பிரசவ வார்டு கிடையாது. புது டாக்டர் பழைய சீட்டை எடுத்து, சிவப்புக் கோடு போட்ட வரியைப் படித்தார்.

"இவ்வளவு தெளிவா எழுதியும் ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

இதைக் கலைத்துவிட முடியுமா என்று மட்டும் சந்தனம் கேட்டாள். அது முப்பத்தொன்றாம் வரிசை. மெடிக்கல் காலேஜில் செய்வார்கள், அதற்கு இங்கிருந்து ஒரு கடிதம் வேண்டும். கடிதம் கொடுப்பதும் செய்வதற்குச் சமம் என்பதால் அதைக் கொடுப்பதில்லை. சீட்டு மட்டும் கொடுப்பார்கள், தாலுக்காவுக்கு. சந்தனம் அதை வாங்கி, முந்தைய சீட்டுகளோடு சேர்த்து ஹாட்பாக்ஸில் வைத்தாள். அதற்குமேல் அவள் எங்கேயும் அலையவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் துணி தைத்து வாங்கினாள். மூத்தவளுக்குச் சோறு வடிக்கவும் சின்னவளைக் குளிப்பாட்டவும் சொல்லிக்கொடுத்தாள்.

ஆகஸ்ட் கடைசியில், காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது வலி வந்தது. ஏழாம் மாதம்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செடிக்கடியில் உட்கார்ந்தாள். ஜீப் வரும்போது பேசிக்கொண்டிருந்தாள். கருணைமாதா வாசலில் ஜீப்பிலிருந்து இறக்கும்போது பேச்சில்லை. தியேட்டரைத் தயார் செய்ய அவர்களுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது, மாநிலத்திலேயே மிகக் குறைந்த நேரம். அவளுக்கு அது தேவைப்படவில்லை. குழந்தைக்கும்தான்.

நவம்பரில் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ரிஜின் லேப்டாப்போடு லயத்துக்கு வந்தார். பயனாளி எண் ஒன்று கடந்த சில மாதங்களாக இருபத்தேழாம் வரிசையை அணுகாததால், அவருடைய தேவை பூர்த்தியானதாக இயந்திரம் முடிவு செய்திருந்தது. வீட்டாரிடம் கையெழுத்து வாங்கவேண்டியதுதான் பாக்கி. வரும் வழியில் ஜீப்காரர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அதனால் ரிஜின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் உள்ளே வராமல் நின்றார்.

சுடலைமணி பாயை விரித்தான். மூத்த பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, ரெண்டு பதில்தான் இருக்கு. ஒண்ணு, திருப்தி. ரெண்டு, முழுத் திருப்தி. நான் எதைப் போடணும்னு எனக்கே தெரியல," என்றார் ரிஜின்.

"எது கொறச்சலோ அதப் போடுங்க தம்பி."

ரிஜின் போட்டார். சுடலைமணி எழுந்துபோய் ஹாட்பாக்ஸை எடுத்துவந்து திறந்தான். உள்ளே சீட்டுகள், தேதி வாரியாக.

"பதினேழு தடவ. அஞ்சு மணி ஜீப்பு, பொழுதடைய வந்து எறங்குவா. நீங்க மொத நாளு எழுத மாட்டேன்னுட்டீகளாம், வந்து சொன்னா. இப்பயாச்சும் அவ நேரத்த எழுதிக்கோங்க. நாங் கையெழுத்துப் போடுதேன்."

ரிஜின் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். விரல்விட்டுக் கூட்டினார். படிவத்தின் கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சந்தனத்தின் பெயரை எழுதிப் பார்த்தார். கட்டம் சிவந்தது. பதினேழு நாள் என்று போட்டார். நோயாளியின் நேரம் ஏற்கப்படாது என்று வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறுமையாக விட்டார். அப்போதும் சிவப்பாகவே இருந்தது.

"ஆச்சா தம்பி?" என்று கேட்டான் சுடலைமணி.

ரிஜின் தலையைக் குனிந்துகொண்டு அதில் ஒரு பூஜ்யம் போட்டார். கட்டம் பச்சையானது.